பாலாற்றுப் படுகையில் தொழில் தொடங்க இசைவாணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள், பல வருடமாக நடத்திக்கொண்டிருப்பவர்கள், அந்தத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்று எல்லாரும் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனால் ஆறு ஒன்றுதான் என்பதால் பதில்களும் பெரும்பாலும் ஒன்றுதான்.

கன்சென்ட், இசைவாணை, பொல்யூஷன் சர்ட்டிபிகேட்: எல்லாம் ஒன்றா?

முதல் இரண்டும் ஒன்று. மூன்றாவதை வண்டியின் புகைச் சான்றிதழுக்கும் சொல்வதால் குழப்பம் வருகிறது. இங்கே நாம் பேசுவது தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையை. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் 25ஆம் பிரிவிலும், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் 21ஆம் பிரிவிலும் இதற்கு இடம் இருக்கிறது. இரண்டு சட்டம் என்பதால் ஆணையும் இரண்டு வரும். விண்ணப்பத்தை ஒன்றாகவே போடலாம்.

கட்டங்களும் இரண்டு. கட்டடம் எழுப்பும் முன், இயந்திரம் இறக்கும் முன் வாங்க வேண்டியது நிறுவுவதற்கான இசைவாணை. எல்லாம் முடிந்து உற்பத்தியைத் தொடங்கும் முன் வாங்க வேண்டியது இயக்குவதற்கான இசைவாணை. முதலாவதை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவது இல்லாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை "கன்சென்ட் இருக்கிறது". சட்டத்தைப் பொறுத்தவரை இல்லை.

எல்லாத் தொழிலுக்கும் இது வேண்டுமா?

தொழிலின் நிறத்தைப் பொறுத்தது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மாசுக் குறியீடு கணக்கிட்டு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறது. 2016இல் வந்த முறையில் 60க்கும் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20 வரை வெள்ளை. 2025இல் அந்த முறையைத் திருத்தி, நீலம் என்று புதிதாக ஒரு வகையையும் சேர்த்தார்கள். அதனால் யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய பழைய பட்டியலை நம்பி முடிவு கட்ட வேண்டாம். வாரியத்தின் இணையதளத்தில் இப்போது இருக்கிற பட்டியலைப் பாருங்கள்.

நம் ஊர்த் தொழில்களைச் சொன்னால் பிடிபடும். தோல் பதனிடுவது சிவப்பு. நூலுக்கோ துணிக்கோ சாயம் போட்டுக் கழிவுநீர் வெளியேறினால் அதுவும் சிவப்பு. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற தறிக்கும் அந்த நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறைக்கும் சட்டத்தின் கண்ணில் உறவே கிடையாது. செங்கல் சூளையும், நெல்லை அவித்து அரைக்கிற மில்லும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற வண்டி சர்வீஸ் நிலையமும் 2016 பட்டியலில் ஆரஞ்சு. மோட்டார் வைத்துப் பத்து மெஷினுக்கு மேல் தோல் வெட்டித் தைக்கிற யூனிட் பச்சை. வெள்ளை வகைக்கு இசைவாணை வேண்டாம், வாரியத்துக்குத் தெரிவித்தால் போதும்.

ஆம்பூர் பக்கம் இடம் பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாச்சு. விண்ணப்பம் எப்போது போடலாம்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. விண்ணப்பத்தில் பாதி இடத்திலேயே முடிவாகிவிடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழக அரசின் இரண்டு ஆணைகள் முக்கியம். 1989 மார்ச்சில் வந்த அரசாணை 213, ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்றது. 1998 மே மாதம் வந்த அரசாணை 127 அதைவிடக் கடுமையானது. காவிரி, பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆறுகளின் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அப்படிப்பட்ட தொழில்கள் கூடாது. தோல் பதனிடுவது, சாயம் போடுவது, எலக்ட்ரோபிளேட்டிங் எல்லாம் அந்தப் பட்டியலில் வருபவை.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா என்று நம் ஊர்கள் எல்லாமே பாலாற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஐந்து கிலோமீட்டர் என்று கோடு போட்டால் நெடுஞ்சாலையை ஒட்டிய நல்ல இடம் பெரும்பாலும் கோட்டுக்குள் வந்துவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடுவதில்லையே, வெறும் மணல்தானே என்று வாதம் பண்ணிப் பயனில்லை. கரையிலிருந்துதான் அளப்பார்கள், ஓட்டத்திலிருந்து அல்ல. மணலுக்கு அடியில் ஓடுகிற ஊற்றுநீரைத்தான் கரையோர ஊர்கள் இன்றும் குடிக்கின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்த ஆணைகளில் பின்னாளில் திருத்தங்களும் விலக்குகளும் வந்திருக்கின்றன. உங்கள் தொழில் அதில் எங்கே நிற்கிறது என்பதை மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணைக் காட்டி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஷூ மேல்பாகம் தைக்கிற யூனிட் என்றால் இந்தத் தடை பெரும்பாலும் உங்களைத் தொடாது. அதே கட்டடத்தில் "சும்மா ஒரு டிரம் (தோலை ரசாயனத்தோடு போட்டுச் சுழற்றுகிற பீப்பாய்) போட்டு ஃபினிஷிங்" என்று சேர்த்தீர்களோ, கதை வேறு.

அப்புறம் நிலத்தின் வகைப்பாடு. பட்டாவில் புஞ்சை என்றிருந்தால் நகர் ஊரமைப்புத் துறையிலோ உள்ளாட்சியிலோ தொழில் பயன்பாட்டுக்கான சான்று வாங்க வேண்டியிருக்கும். இதுவும் இழுக்கிற வேலைதான். சிப்காட், சிட்கோ மனை என்றால் இந்தத் தலைவலி குறைவு.

வேலூர் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணம் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் விடப்படுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று நீதிமன்றம் சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். இன்று நாடு முழுக்க எந்தச் சுற்றுச்சூழல் வழக்கை எடுத்தாலும் வேலூரின் பெயர் அடிபடுவது இதனால்தான்.

தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாகத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தோடு இன்னும் நான்கு மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. அரசாணை 213ஐக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னதும் அதே தீர்ப்பு.

அதோடு முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுப் பிரச்சினையில் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, வழக்கைத் தன் மேற்பார்வையிலேயே வைத்துக்கொண்டது. உங்கள் கோப்பைப் புரட்டுகிற அதிகாரிக்கு இதெல்லாம் மனப்பாடம். ஒரு கையெழுத்து போட அவர் யோசிக்கிறார் என்றால் அலட்சியம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விண்ணப்பம் எங்கே, எப்படி?

இணையவழிதான். வாரியத்தின் ஆன்லைன் இசைவாணைத் தளத்தில் யூனிட் பெயரில் கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, கட்டணத்தையும் அதிலேயே கட்டலாம். விண்ணப்பம் உங்கள் தாலுகாவுக்குப் பொறுப்பான மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளரிடம் போகும். வேலூரிலும் வாணியம்பாடியிலும் அலுவலகங்கள் உண்டு, எது உங்களுடையது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய, மாசு குறைந்த தொழில்களுக்கு மாவட்ட அளவிலேயே முடிவாகிவிடும். பெரியவையும் சிவப்பு வகையும் மேலே மண்டலத்துக்கும் சென்னைத் தலைமையகத்துக்கும் ஏறி இறங்கும்.

ஆவணங்களில் கட்டாயம் வருபவை: கிரயப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், நிறுவனத்தின் பதிவு ஆவணம், நில வகைப்பாட்டுச் சான்று, இயந்திரங்கள் எங்கெங்கே என்று காட்டும் வரைபடம், ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளதையெல்லாம் காட்டும் இட வரைபடம், உற்பத்தி முறை, மூலப்பொருள் பட்டியல், நீர்க்கணக்கு, சுத்திகரிப்புத் திட்டம், சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று.

இதில் பலர் கோட்டைவிடுவது அந்த ஒரு கிலோமீட்டர் வரைபடத்தில். கானாறு, ஏரிக்கால்வாய், பள்ளிக்கூடம், ஊர்க் கிணறு எல்லாம் அதில் இருக்க வேண்டும். மழைக்கு மட்டும் தண்ணீர் வருகிற கானாற்றை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர் கிராம வரைபடத்தோடுதான் வருவார், அதில் அந்தக் கானாறு நீலக் கோடாக ஓடிக்கொண்டிருக்கும். மறைத்ததாகப் பேர் வந்துவிட்டால் கோப்பின் மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

நீர்க்கணக்கு என்றால் என்ன எழுத வேண்டும்?

என்னைக் கேட்டால் விண்ணப்பத்தின் உயிர் இதுதான். உள்ளே எவ்வளவு தண்ணீர் வருகிறது, எங்கிருந்து, எதற்குச் செலவாகிறது, எவ்வளவு கழிவாகிறது, அது எங்கே போகிறது. கூட்டிக் கழித்தால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று. அறுபது பேர் வேலை செய்கிற ஷூ தையல் யூனிட். உற்பத்திக்குத் தண்ணீர் தேவையில்லை. குளியலறை வசதியுள்ள தொழிற்சாலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. ஆக 2,700 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்தால் 2,160 லிட்டர். செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி என்று காட்டினால் போதும், கேள்வி அதிகம் வராது. ஆனால் இதே யூனிட் "தண்ணீர்த் தேவை 500 லிட்டர்" என்று எழுதினால், அறுபது பேரும் கைகழுவாமல் சாப்பிடுகிறார்களா என்று கேட்பார்கள். குறைத்துக் காட்டினால் சுலபம் என்ற எண்ணம்தான் பல விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்ப வைக்கிறது.

தோல் பதனிடுவதில் எண்கள் வேறு. ஒரு டன் பச்சைத் தோலுக்கு 28 கனமீட்டர், அதாவது 28,000 லிட்டருக்கு மேல் கழிவுநீர் வரக்கூடாது என்பது மத்திய விதி. எனவே நாளைக்கு இரண்டு டன் தோல் என்றால் அதிகபட்சம் 56,000 லிட்டர். உங்கள் தோல் அளவும் கழிவுநீர் அளவும் இந்த விகிதத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். ரொம்பக் குறைவாகக் காட்டினாலும் சந்தேகம்தான்.

போர்வெல் தண்ணீர் என்றால் நிலத்தடி நீர் எடுக்கத் தனியாகத் தடையின்மைச் சான்று கேட்கலாம். டேங்கர் தண்ணீர் என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தால் அந்த டேங்கர் எங்கே நிரப்புகிறது என்று அடுத்த கேள்வி வரும்.

கட்டணம் எவ்வளவு?

நிறத்தையும் மொத்த நிலையான சொத்தின் மதிப்பையும் பொறுத்துப் படிப்படியாக ஏறும். நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் சேர்ந்தது அந்த மதிப்பு, தேய்மானம் கழிக்காதது. ஆடிட்டரிடம் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். அவர் வருமான வரிப் பழக்கத்தில் தேய்மானம் கழித்த எண்ணைக் கொடுத்துவிடுவார், பிறகு வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லி ஓலை வரும்.

எத்தனை நாளில் கிடைக்கும்? "நாலு மாதம் ஆனால் தானாகவே கிடைத்த மாதிரி" என்கிறார்களே?

நீர்ச் சட்டம் 25(7) அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் எல்லா விவரமும் முழுமையான விண்ணப்பம் போட்ட நாளிலிருந்துதான் நாலு மாதம். ஒரு விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்திருந்தால் "முழுமை" என்று வாதிடுவது கஷ்டம். இன்னொன்று, காற்றுச் சட்டத்தில் நாலு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. கிடைத்ததாகக் கொள்ளலாம் என்ற வரி அதில் இல்லை. பாய்லரோ ஜெனரேட்டரோ இருக்கிற யூனிட் இந்த ஒற்றை வரியை நம்பிக் களத்தில் இறங்க முடியாது. தளத்தில் வாரம் ஒருமுறை உள்ளே போய், கேட்ட விளக்கத்துக்கு அன்றே பதில் ஏற்றுவது இதைவிட நல்ல வழி.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கிறேன். தனியாக எனக்கு இசைவாணை வேண்டுமா?

கண்டிப்பாக. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் (பல ஆலைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சேர்த்துச் சுத்திகரிக்கிறவை) இருக்கிற ஊர்களிலும் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் தனி இசைவாணை உண்டு. உறுப்பினர் சான்றும், உங்களுக்கு ஒதுக்கிய கொள்ளளவும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். ஒதுக்கியதற்கு மேல் ஒரு குடம் கூடினாலும் அது மீறல்தான். குரோம் (தோல் பதனிடப் போடுகிற குரோமிய உப்பு) கழிவைத் தனியே பிரித்து மீட்பது, முதல்கட்டச் சுத்திகரிப்பு ஆகியவை உங்கள் வளாகத்திலேயே நடக்க வேண்டியவை. அதன் பிறகுதான் குழாய்.

எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.), ஆவியாக்கி எல்லாம் வைத்து ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு இந்தப் பகுதி மாறியதற்குக் காரணம் உப்பு. குரோமியத்தை ரசாயனம் போட்டுப் படியவைக்கலாம், கரைந்திருக்கிற உப்பை அப்படி எடுக்க முடியாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வரம்பு. உப்புத் தோலை ஊறவைத்த தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆவியாக்கியபின் மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது என்பது இன்றைக்கும் சரியான விடை இல்லாத விஷயம்.

ஜெனரேட்டர் புகைபோக்கி எவ்வளவு உயரம் வைக்கணும்?

கட்டடத்தின் உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைக் காட்டும் கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வருகிற மீட்டரைக் கூட்டுங்கள். 100 கே.வி.ஏ. என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர். 225 என்றால் 3 மீட்டர். மணிக்கு இரண்டு டன்னுக்குக் குறைவாக நீராவி தரும் நிலக்கரி பாய்லர் என்றால் 9 மீட்டர், அல்லது பக்கத்துக் கட்டடத்தைப்போல் இரண்டரை மடங்கு, எது அதிகமோ அது. இரைச்சலுக்கும் வரம்பு உண்டு: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

ஆய்வுக்கு வந்து தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவில் இருக்கிறது. மாதிரி எடுப்பதாக அங்கேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உங்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரிய ஆய்வகத்துக்குப் போகும். நீங்கள் கேட்டுக்கொண்டால் மற்றது அரசு அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போகும். அந்த நேரத்தில் ஆள் இல்லை, முதலாளி வெளியூர் என்று சொல்லி ஒதுங்கினால் இந்த உரிமையும் கூடவே போய்விடுகிறது. கையெழுத்துப் போடக்கூடிய ஒருவர் எப்போதும் யூனிட்டில் இருக்கட்டும்.

கசடு, கெமிக்கல் டிரம், பழைய ஆயில்: இதற்கெல்லாம் தனி அனுமதியா?

ஆமாம். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி தனி அங்கீகாரம் வாங்க வேண்டும். கழிவை வளாகத்தில் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது ஒப்படைப்புச் சீட்டு வேண்டும். ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். நிலத்தில் புதைக்க வேண்டிய கழிவு கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுக் கிடங்குக்குப் போகிறது.

லாரிச் செலவுக்குப் பயந்து கசடைச் சேர்த்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். புதிதாக ஒரு தொட்டி கட்டுவதும் மாற்றம்தான், அதற்கும் முன் அனுமதி வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதமாக இருந்தால் எரிச்சல்படாதீர்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி என்பது வேறா?

வேறு. அது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி மத்திய அரசோ, மாநில அளவிலான ஆணையமோ தருவது. புதிய தோல் பதனிடும் ஆலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் போன்றவற்றுக்குத் தேவை. தோல் ஆலை அறிவிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் என்றால் மாநில அளவில் முடியும், வெளியே என்றால் டெல்லி வரை போக வேண்டும். மக்கள் கருத்துக் கேட்பு தேவைப்படும் திட்டம் என்றால் அதை நடத்துவது மாசு கட்டுப்பாட்டு வாரியம். முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். இந்தப் பக்கத்தைப் படிக்கிற பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது.

ஒரு மெஷின் கூடுதலாகப் போட்டாலும் சொல்லணுமா?

உற்பத்தி அளவோ, பொருளோ, கழிவுநீரோ, புகையோ கூடினால் விரிவாக்கத்துக்கு மறுபடி இசைவாணை. யூனிட்டை விற்றாலோ பங்குதாரர் மாறினாலோ பெயர் மாற்றம். காலாவதிக்குச் சில மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள், கடைசி வாரத்தில் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இசைவாணை இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

மின் இணைப்பைத் துண்டிக்கவும் மூடவும் உத்தரவிட வாரியத்துக்கு நீர்ச் சட்டம் 33ஏ, காற்றுச் சட்டம் 31ஏ பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. மின்வாரியம் அந்த உத்தரவை நிறைவேற்றிவிடும்.

அதைவிடக் கையைக் கடிப்பது சுற்றுச்சூழல் இழப்பீடு. மத்திய வாரியம் வகுத்த சூத்திரம் இது: மாசுக் குறியீடு, மீறிய நாட்கள், ரூபாய்க் காரணி, தொழிலின் அளவு, இருப்பிடம் ஐந்தையும் பெருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு மாசுக் குறியீடாகச் சிவப்புக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30 என்று எடுக்கிறார்கள். ரூபாய்க் காரணி 250. சிறு தொழில் என்றால் அளவுக் காரணி அரை. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்கு இருப்பிடக் காரணி ஒன்று. சிறிய ஆரஞ்சு யூனிட் என்றால் நாளைக்கு 6,250 ரூபாய். 180 நாள் என்று எடுத்தால் 11,25,000. பச்சைக்குக் கணக்கு 3,750தான் வரும், ஆனால் நாளைக்கு 5,000க்குக் குறையக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. இந்தத் தொகையை இசைவாணைக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுத்துவிட்டார்கள். இனி?

மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். முதலில் அந்தக் காரணத்தை நிதானமாகப் படியுங்கள். சரிசெய்யக்கூடியது என்றால் சரிசெய்து புதிதாகப் போடுவதுதான் சீக்கிரம். இல்லையென்றால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள மாசு கட்டுப்பாட்டு மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். அதற்கும் மேல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அதுவும் சென்னையில்தான். மூடல் உத்தரவு என்றால் வழி மாறும். நீர்ச் சட்டத்தின் கீழ் வந்த மூடல் உத்தரவுக்கு நேராகத் தீர்ப்பாயம்.

ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா?

சிறிய பச்சை யூனிட்டுக்குத் தேவையில்லை, கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் போதும். சந்தேகத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். சுத்திகரிப்பு வடிவமைப்பு வேண்டிய தொழிலுக்குப் பொறியாளர் அவசியம். யாரை வைத்தாலும் தளத்தின் கடவுச்சொல்லும் பதிவு செய்த கைப்பேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜென்டின் எண்ணைக் கொடுத்துவிட்டு, வாரியம் கேட்ட விளக்கம் தனக்கு வந்து சேரவே இல்லை என்று அலைகிறவர்கள் பலர்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பட்டறை நடக்கிறது. அதற்கு இசைவாணை இருக்கிறதா என்று நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். வழங்கிய இசைவாணைகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, அக்கறையுள்ள எவரும் அலுவலக நேரத்தில் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று நீர்ச் சட்டம் 25(6) சொல்கிறது. அதற்கு வழியில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேட்கும்போது நிபந்தனைப் பக்கங்களின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உற்பத்தி, கழிவு எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். புகார் எழுதும்போது "நாற்றம் தாங்கவில்லை" என்பதோடு நாள், நேரம், எந்தக் கால்வாய், தண்ணீர் என்ன நிறம் என்று எழுதினால் ஆய்வுக்கு வருகிறவருக்கு வேலை சுலபம்.

தொழிலை மூடிவிட்டேன். இனி வாரியத்தோடு எனக்கு என்ன?

மூடியதை எழுத்தில் தெரிவித்து இசைவாணையை ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் புதுப்பிக்காத யூனிட் என்று நோட்டீஸ் வந்துகொண்டிருக்கும். உள்ளே கசடோ ரசாயனமோ மிச்சம் இருந்தால் அதை விதிப்படி அனுப்பி, ஒப்படைப்புச் சீட்டை வைத்துக்கொண்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை ஒன்று 1995இல் மூடப்பட்டது. அது விட்டுப்போன லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவுதான் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அதனால் காலியான யூனிட்டை வாங்குகிறவர்களும் கிரயத்துக்கு முன் பின்பக்கம் போய் என்ன குவிந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நிலத்தோடு அந்தக் குவியலும் உங்கள் பெயருக்கு வந்துவிடும்.